கோமு என்னை டீச்சர் என்று கூப்பிட்ட சனிக்கிழமை

அறுப்பு மெஷின் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது.

வீரவநல்லூரைத் தாண்டி, சேரன்மகாதேவி வருவதற்கு முன்னால், இரண்டு பக்கமும் வயல். பிசானப் பருவத்து நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். வயலிலிருந்து ரோட்டுக்கு ஏறிய மெஷினின் பின்பாகம் வாய்க்கால் கரையில் இறங்கிவிட்டது. முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் எங்கள் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு நின்றது.

உள்ளே நான் என் மகள் கோமதியின் முகத்துக்கு நேரே குனிந்து வாய்பாடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி கோமு, கண்ணைத் தொற. ஏழு மூணு எவ்வளவு? சொல்லுட்டி. ஏழு மூணு?"

கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது. மறுபடியும் மூடிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸில் வேலை பார்க்கும் தம்பி அவள் விரல்நுனியில் மாட்டியிருந்த கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேசிக்கிட்டே இருங்க அக்கா. நிறுத்திராதீங்க" என்றார்.

ஜன்னல் இடுக்கு வழியாக வைக்கோல் தூசி உள்ளே வந்தது. புது வைக்கோல் வாசம் எனக்குச் சின்ன வயசிலிருந்தே பிடிக்கும். அன்று அது தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. வெளியே ஆட்கள் ஓடுகிற சத்தம். "ஏலே, அந்தப் பலகையைத் தூக்கிட்டு வாலே! உள்ள சின்னப்பிள்ள கிடக்காம்லா!" என்று யாரோ கத்தினார்கள். மெஷின் ஒருமுறை முக்கியது, நகர்ந்தது. வண்டி பாய்ந்த வேகத்தில் என் தலை மேல்கம்பியில் இடித்தது. அது இடித்தது என்று மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

எழுதத் தயங்கியது

போன வாரம், நான் ஆழ்வார்குறிச்சிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த கதையைச் சொல்லியிருந்தேன். வரிசைப்படி பார்த்தால் இந்த வாரம் அந்தப் பள்ளியின் முதல் ஆண்டு விழா வரவேண்டும். அதை எழுத உட்கார்ந்தேன். பேனா வேறு எங்கோ போனது.

இந்தச் சனிக்கிழமையைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் தொடரை ஆரம்பித்தேன். நடந்து இரண்டு பிசானம் போய்விட்டது. எழுதினால் மறுபடி நடந்துவிடுமோ என்று ஒரு பயம். படித்தவளுக்கு இப்படி ஒரு பயம் வரலாமா என்று கேட்பீர்கள். வந்தது.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் வீடு விக்கிரமசிங்கபுரத்தில், மில்லுக்குப் பின்னால் உள்ள தெருவில் இருக்கிறது. என் கணவர் ஆறுமுகம் பஸ் டிரைவர். கோமு எங்களுக்கு ஒரே பிள்ளை. அப்போது ஐந்தாம் வகுப்பு. நான் வேலை பார்க்கும் பள்ளியில்தான் படித்தாள், போதாக்குறைக்கு என் வகுப்பிலேயே.

இறக்கத்தில் சைக்கிள்

அன்று காலையில் கணவர் நாகர்கோவில் வண்டிக்குக் கிளம்பிப் போய்விட்டார். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கோமு தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு இறக்கம், அதன் அடியில் சின்ன வாய்க்கால் பாலம். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் விட்டு, பாலத்தில் வளைத்துத் திருப்புவது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு.

அன்று சைக்கிள் வளையவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளே வீட்டுக்கு வந்தாள். முழங்காலில் தோல் வழண்டு ரத்தம். "அம்மா, விழுந்துட்டேன்" என்றாள். அழக்கூட இல்லை. முழங்காலைக் கழுவி மருந்து போட்டபோதுதான் அழுதாள். தலையில் பட்டதா என்று கேட்டேன். காதுக்கு மேலே தொட்டுக் காட்டினாள். நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. ரத்தம் இல்லை. ஐஸ் வைத்தேன். "குளுருது, போதும்" என்று தட்டிவிட்டாள்.

தோசை ஊற்றிக் கொடுத்தேன். சாப்பிட்டாள். பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா வந்து பார்த்துவிட்டு, "பாலத்துச் செவுருக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேலி செய்தாள். கோமு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தாள். உண்மையிலேயே நன்றாக இருந்தாள்.

தரைக்கு விழுந்த அடி

பிள்ளை விழுந்தால் தரையை அடிப்பது நம் வீடுகளில் வழக்கம். "என் தங்கத்தைத் தள்ளிவிட்டது நீதானா? இந்தா வாங்கிக்கோ" என்று நாலு அடி போட்டால் பிள்ளை அழுகையை நிறுத்திவிடும். என் அப்பா இதில் பெரிய ஆள். என் தம்பி மாடிப்படியில் உருண்டபோது அப்பா எல்லாப் படிக்கும் ஒவ்வொரு அடி கொடுத்தார். கடைசிப் படி வருவதற்குள் தம்பி சிரித்துவிட்டான். அப்பாவுக்குத்தான் கை வீங்கிப்போனது.

அடிபட்ட தலையில் சூடு பறக்கத் தேய்ப்பார்கள். காயம் என்றால் காப்பித்தூளை வைத்து அமுக்குவார்கள். அப்படியெல்லாம் வளர்ந்த கூட்டம் நாங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை எழுந்து நடந்துவிட்டால் பிழைத்தது என்று அர்த்தம். எனக்கும் அப்படித்தான் தெரியும்.

பாலத்துச் சுவரை நான் போய் அடிக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தேவைப்படாது என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் வெளிய போகட்டுமா?"

தோசை சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தலைவலிக்கிறது என்றாள். பாயில் படுத்தாள். விழுந்த அதிர்ச்சி, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று ஃபேனைப் போட்டுவிட்டேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது உள்ளே ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பாயெல்லாம் வாந்தி.

கழுவி, துடைத்து, வேறு சட்டை மாட்டிவிட்டேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் மெதுவாகக் கையைத் தூக்கினாள். வகுப்பில் தூக்குவது மாதிரி.

"டீச்சர், நான் வெளிய போகட்டுமா?"

இதை விளக்க வேண்டும். அவளை என் பள்ளியில் சேர்த்த அன்றைக்கே எங்களுக்குள் ஒரு பேச்சு. பள்ளிக்கூடத்து வாசலுக்குள் நான் டீச்சர், வாசலுக்கு வெளியே அம்மா. அந்த வயசில் அதை அவள் பிடித்துக்கொண்ட விதம் ஆச்சரியமாக இருக்கும். சாயங்காலம் வாசல் தாண்டி ஒரு அடி வைத்ததும் "அம்மா, பசிக்கி" என்பாள். அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட இடம் மாற்றிக் கூப்பிட்டதில்லை.

"கோமு, இது எந்த இடம்?" என்று கேட்டேன்.

சுற்றிப் பார்த்தாள். யோசித்தாள். "தெரியல டீச்சர்" என்றாள்.

முதுகுத்தண்டு சில்லிட்டது என்று எழுதுவார்கள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. காது இரண்டும் அடைத்துக்கொண்டன. நான் போட்ட சத்தம் எனக்கே கேட்கவில்லை. பேச்சியக்கா கேட்டு ஓடிவந்திருக்கிறாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டதும் அவள்தான். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "நான் அம்மாட்டி, அம்மாட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு கண், பிறகு மறு கண். திரும்ப முதல் கண். நர்ஸிடம் வேகமாக ஏதோ சொன்னார். ஒரு ஊசி போட்டார்கள். "உடனே திருநெல்வேலி கொண்டு போயிரணும்மா. தலையை ஸ்கேன் எடுக்கணும். நான் அங்க போன் பண்ணிச் சொல்லிருதேன்" என்றார். பிள்ளைக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

அதன் பிறகுதான் அந்த அறுப்பு மெஷின்.

பத்தமடை தாண்டியதும் வாய்பாட்டுக்குக் கண் திறப்பதும் நின்றுவிட்டது. தோளைக் கிள்ளினால் மட்டும் முனகினாள். நான் கிள்ளிக்கொண்டே போனேன். ஒரு தாய் தன் பிள்ளையைக் கிள்ளிக்கொண்டு ஒரு சாலை முழுவதும் போவது எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. முனகினால் உயிர் வந்தது. அடுத்த கிள்ளுக்குள் அது போய்விட்டது.

மதுரைக்கா?

பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் என் கணவரின் அண்ணன் சங்கரன் அத்தான் வந்துவிட்டார். திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர். எங்கள் குடும்பத்தில் எந்த முடிவும் அவரைக் கேட்டுத்தான். என் கல்யாணத் தேதியைக்கூட அவர்தான் குறித்தார்.

ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஒரு பெண். என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். "இந்த வெள்ளையா இருக்கிறது ரத்தம். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவுல கட்டிட்டு. இப்போ மூளைக்கு வெளியிலதான் இருக்கு. ஆனா அமுக்கிட்டே வருது. எலும்பைத் திறந்து எடுத்துரணும்."

"விழுந்தப்புறம் நல்லா இருந்தாளே டாக்டர். சாப்பிட்டாளே. சிரிச்சாளே."

"இதுல அப்படி இருக்கும்மா. நடுவுல கொஞ்ச நேரம் எல்லாம் சரியான மாதிரி இருக்கும். உள்ள ரத்தம் சேரச் சேரத்தான் தெரியும்."

அத்தான் என்னைத் தனியே கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. "செண்பகம், இது தலை விஷயம். மதுரைக்குக் கொண்டு போயிருவோம். அங்க எனக்குத் தெரிஞ்ச பெரிய டாக்டர் இருக்காரு. நான் வண்டி சொல்லிட்டேன். ஆறுமுகம் வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுக் கெளம்பிருவோம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கோமு என்றால் அவருக்கு உயிர். ஆனால் எனக்கு அந்தக் கிள்ளல்கள் நினைவில் இருந்தன. பத்தமடையில் எப்படி முனகினாள், பாளையங்கோட்டைக்கு வரும்போது எப்படி முனகினாள் என்று எனக்குத்தான் தெரியும்.

டாக்டரிடம் போய் நின்றேன். "மதுரைக்குப் போனா என்ன ஆகும்?"

அவர் நேராக என் கண்ணைப் பார்த்தார். "போய்ச் சேருததுக்குள்ள ரொம்ப லேட் ஆயிரும்மா."

"நீங்க இதைச் செஞ்சிருக்கீங்களா?"

"செஞ்சிருக்கேன்."

"பொழச்சிருக்காங்களா?"

"சீக்கிரம் கொண்டு வந்தவங்க நெறயப்பேர் பொழச்சிருக்காங்க. நீங்க சீக்கிரம்தான் கொண்டு வந்திருக்கீங்க. இனிமே நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் எனக்கு வேணும்."

கையெழுத்துப் போட்டேன். அத்தான் "ஏ எம்மா, ஆறுமுகம்..." என்று ஆரம்பித்தார். "அவுக வந்து கேட்டா நான் சொல்லிக்கிடுதேன் அத்தான்" என்றேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் பேச்சுக்கு நான் சொன்ன முதல் மறுப்பு அது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து மதுரை வண்டி வேண்டாம் என்று சொன்னார்.

முடியை எடுக்க ஒரு பெரியவர் வந்தார். கோமுவின் சடை நீளம். பின்னலோடு அப்படியே நறுக்கி, நீல ரிப்பனோடு என் கையில் கொடுத்தார். ஸ்டிரெச்சர் கதவுக்குள் போனது. நான் சடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன்.

தாஸ் சொல்லாத சேதி

என் கணவர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பீர்கள்.

வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடமாட்டார். அணைத்து, டிபன் பைக்குள் போட்டுவிடுவார். அவசரம் என்றால் கண்டக்டர் தாஸுக்குத்தான் கூப்பிடவேண்டும். பேச்சியக்கா தாஸுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அப்போது வண்டி வள்ளியூர் பக்கம் திருநெல்வேலியை நோக்கி வந்துகொண்டிருந்தது. உட்கார இடமில்லாமல் சனம்.

தாஸ் சொல்லவில்லை.

வள்ளியூரிலிருந்து திருநெல்வேலி வரை டிக்கெட் கிழித்தார், விசில் கொடுத்தார், சில்லறை கொடுத்தார். வழக்கம்போல என் கணவரிடம் இரண்டு வார்த்தை பேசவும் செய்திருக்கிறார். பஸ் நிலையத்தில் கடைசி ஆளும் இறங்கிய பிறகு முன்னால் வந்து, "அண்ணாச்சி, சாவியைக் குடுங்க. கோமுக்குத் தலையில அடி. பெரிய ஆஸ்பத்திரியில இருக்கா. வண்டியை நான் பாத்துக்கிடுதேன், வெளிய ஆட்டோ நிக்கி" என்றாராம்.

"எப்போ தெரியும்லே?"

"வள்ளியூர்லயே தெரியும் அண்ணாச்சி. உங்க கையில வண்டி இருந்துச்சு. நான் எப்படிச் சொல்ல?" சொல்லும்போதே தாஸ் அழுதுவிட்டாராம்.

நானாக இருந்தால் அவரை என்ன செய்திருப்பேனோ தெரியாது. என் கணவர் அவர் தோளைத் தட்டிவிட்டு ஓடிவந்திருக்கிறார். இதைப் பற்றி நாங்கள் பிறகு பேசியிருக்கிறோம். தாஸ் செய்தது சரி என்று அவர் சொல்வார். நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

காக்கிச் சட்டையோடு வராந்தாவில் ஓடிவந்தவர், என் கையில் சடையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். வேறு மாதிரி நினைத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. "இருக்கா, இருக்கா! உள்ள ஆபரேஷன் நடக்கு" என்று கத்தினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சடையை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார். பைக்கு வெளியே ரிப்பன் தொங்கிக்கொண்டிருந்தது.

"உங்களைக் கேக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றேன்.

"பின்ன என்னைக் கேட்டுக்கிட்டா நிப்பே?" என்றார். அவ்வளவுதான்.

காத்திருந்த நேரத்தைப் பற்றி என்ன எழுதுவது? எதிர்ச்சுவரில் பெயிண்ட் உரிந்த இடம் ஒன்று தமிழ்நாட்டு வரைபடம் மாதிரி இருந்தது. அதில் தாமிரபரணி எங்கே வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் டீ வாங்கி வந்தார். யாரும் குடிக்கவில்லை. ஒரு பூனை வந்து என் காலடியில் படுத்தது. அதை விரட்டினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போனது.

வெயில் வராந்தாவை விட்டுப் போகிற நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். முகக்கவசத்தைக் கழற்றினார். சிரிக்கவில்லை. "ரத்தத்தை எடுத்துட்டோம். ரத்தம் கசிஞ்ச குழாயையும் அடைச்சாச்சு. மூளை நல்லா விரிஞ்சு வருது. இனி அவ முழிக்கணும்" என்றார்.

இனி அவள் முழிக்க வேண்டும். அதையும் காத்திருந்தோம்.

மறுநாள் காலை ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். வெள்ளைக் கட்டுக்குள் முகம் இத்தனூண்டு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கூப்பிட்டேன். மறு கண் திறந்தது. நெடுநேரம் என்னைப் பார்த்தாள். நான் யாரென்று கேட்கவேண்டும்.

"அம்மா, தொண்டை வலிக்கி" என்றாள்.

பிறகு நடந்தது

கதை அதோடு முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பல வாரம் சத்தம் ஆகாது, வெளிச்சம் ஆகாது. எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். நான் அதைவிட மோசம். அவள் தூங்கினால் எழுப்புவேன். எழுந்ததும் "உன் பேர் என்ன, இன்னிக்கு என்ன கிழமை, ஒன்பது ஆறு எவ்வளவு" என்று பரீட்சை வைப்பேன். ஒருநாள் அவள் பொறுக்கமுடியாமல், "என் பேரு பேச்சியக்கா, இன்னிக்கு பொங்கல்" என்றாள். நான் நடுங்கிப்போய்ச் சத்தம்போட, அவள் அப்பா உள்ளே ஓடிவர, பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பைய விடு செண்பகம். பிள்ளை நல்லாயிட்டா. நீதான் இன்னும் ஆம்புலன்ஸ்ல இருக்கே" என்றார் என் கணவர். உண்மைதான். இறங்குவதற்கு எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. முழுவதும் இறங்கிவிட்டேன் என்று இப்போதும் சொல்லமாட்டேன்.

இந்த அத்தியாயத்தை எழுதலாமா என்று போன ஞாயிற்றுக்கிழமை கோமுவிடம் கேட்டேன். அவள் கதை, அவளைக் கேட்காமல் எழுதக்கூடாது. எழுதியவரை வாசித்தும் காட்டினேன். முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டாள். விழுந்ததோ, வாந்தியோ, ஆம்புலன்ஸோ அவளுக்கு எதுவும் நினைவில் இல்லை. யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டாள்.

முடித்ததும், "ஒண்ணை விட்டுட்டியே" என்றாள்.

"எதை?"

"என்னைக் கொண்டு போனாங்கல்லா, கதவு சாத்துன பெறகு, அங்கன ரொம்பக் குளுந்துச்சு. யாரோ என் காலு பெருவிரலைப் பிடிச்சிக்கிட்டே நின்னாங்க. விடவே இல்ல. அது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு."

இரண்டு வருஷத்தில் அவள் இதைச் சொன்னதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீதானேன்னு நெனச்சேன்" என்றாள்.

நான் இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் சடையோடு நின்றவள் நான். அவள் அப்பா அப்போது வந்திருக்கவே இல்லை. ஒரு நிமிஷம், நான்தான் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை.

"நான் இல்லட்டி. என்னை உள்ள விடல."

அவள் முறுக்கை வைத்துவிட்டு யோசித்தாள். "அப்போ யாரும்மா?"

அந்த அறையில் இருந்தவர்கள் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. எல்லோரும் முகத்தை மூடியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்த வார இதழைப் புரட்ட நேரலாம். அவருக்காக இதைச் சொல்கிறேன். நீங்கள் கால்விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை இப்போது ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். முடி தோளைத் தொட்டுவிட்டது. கணக்குதான் வரவில்லை, அது முன்பும் வராது. உங்கள் கை சூடாக இருந்ததாம்.